மெயில், ஸ்பாம், பிரவுசர்: கொமியூனிகேஷன் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுக்க வருகிறவர்கள், ரீலோட் போட வருகிறவர்கள், பிள்ளையின் அப்ளிகேஷனை பிரின்ட் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் போகிற போக்கில் ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போவார்கள். கூட்ட நேரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வட்ஸ்அப் இருக்கிறதே, மெயில் எதற்கு?

டவுனில் இருப்பவர் இப்படிக் கேட்டால் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் இருப்பவர் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலான லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே மேசையில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதையை மலையகத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். மெயில் அப்படியில்லை. யார் கையையும் தாண்டாமல் நேராக உங்களிடம் வருகிறது. கம்பஸ், வங்கி, வெளிநாட்டு வேலை, ஸ்கொலர்ஷிப் எல்லாம் இப்போது அந்த முகவரியைத்தான் கேட்கின்றன. அடையாள அட்டையைப் பத்திரமாக வைப்பதைப் போல அதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

மகளுக்கு ஒரு கடையில்தான் மெயில் திறந்து கொடுத்தார்கள். பாஸ்வேர்ட் தெரியாது. கொடுத்த நம்பரும் இப்போது இல்லை. என்ன செய்வது?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் கண்ணீரோடு வரும். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, கம்பஸ் விண்ணப்பம் போடும் வாரத்தில்.

நடப்பது இதுதான். அவசரத்துக்கு மெயில் ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் தன் போன் நம்பரையே போட்டு, வருகிற எல்லாருக்கும் வைக்கிற ஒரே பாஸ்வேர்டையே வைத்து, ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுப்பார். மோனிட்டருக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி இருக்கும். அதில் ஊர்ப் பிள்ளைகளின் மெயில் முகவரி எல்லாம் வரிசையாக, பக்கத்திலேயே பாஸ்வேர்ட், சிலதுக்கு அடையாள அட்டை இலக்கமும். அந்தக் கொப்பி யார் கையிலும் போகலாம். கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கடையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போனாலே போதும்.

திரும்ப எடுக்க வழி உண்டு, நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஜிமெயிலில் கணக்கை மீட்கும் பக்கத்துக்குப் போய்க் கேட்கும்போது, நீங்கள் முன்பு பாவித்த அதே போன், அதே பிரவுசர், அதே இடமா என்பதையும் கூகுள் பார்க்கிறது. ஆகவே புதுப் போனில் வீட்டிலிருந்து முயல்வதைவிட, அந்தப் பழைய கடைக்கே போய் அதே கொம்பியூட்டரில் முயல்வது நல்லது. ஞாபகத்தில் உள்ள பழைய பாஸ்வேர்டையும் கொடுத்துப் பாருங்கள். கையில் உள்ள ஏதாவது போனில் அந்த மெயில் லொகின் ஆகி இருந்தால் அதை லொக்அவுட் செய்யவே வேண்டாம், முதலில் அதற்குள்ளேயே போய் மீட்பு நம்பரை மாற்றுங்கள்.

புதிதாகத் திறப்பதானால் உங்கள் சொந்த நம்பர், வீட்டில் இன்னொருவரின் மெயில், நீங்களே யோசித்த பாஸ்வேர்ட். ரீலோட் போடாமல் விட்ட சிம் கொஞ்ச காலத்தில் செத்துவிடும், அந்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போகும். சிம் மாற்றினால் அன்றைக்கே மெயிலிலும் மாற்றுங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. சும்மாவாவது இடைக்கிடை திறந்து பாருங்கள்.

லயத்துக்குள் சிக்னல் இல்லை. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் டவர், இந்தப் பக்கம் நாம். வைஃபை பிடித்த வீட்டிலும் எஸ்எம்எஸ் வராது, அதுதான் வேடிக்கை. எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கூகுள் கணக்கில் பெக்அப் கோட் என்று பத்து கோட்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் நீளம். ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பாவிக்கலாம். பிரின்ட் எடுத்து பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பைலில் வையுங்கள். இரண்டாவது, ஒதென்டிகேட்டர் அப். இன்டர்நெட்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், முப்பது வினாடிக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே புது இலக்கம் காட்டும். போனின் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். வங்கிகள் பல இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபிதான் அனுப்புகின்றன. அதற்கு மேட்டுக்கு ஏறத்தான் வேண்டும்.

முக்கியமான மெயில் ஸ்பாமுக்குள் போய்விட்டது. ஏன்?

ஸ்பாம் என்பது கேட்காமல் வரும் குப்பை மெயில், ஜிமெயில் அதைத் தனியே ஒதுக்கி வைக்கும். நல்ல மெயிலும் அங்கே போவதற்குக் காரணம், அனுப்பிய இடத்தின் செட்டிங் சரியில்லாமல் இருக்கலாம், அல்லது ஒரே மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். அரச நிறுவனங்களின் மெயிலும் இப்படி மாட்டுவதுண்டு. ஜிமெயில் ஸ்பாமில் கிடப்பதை 30 நாளில் தானாக அழித்துவிடும், ஆகவே விண்ணப்பம் போட்டிருக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது அதற்குள் எட்டிப் பாருங்கள். மெயில் கிடைத்தால் ஸ்பாம் இல்லை என்ற பட்டனை அழுத்தி, அனுப்பியவரை கொன்டெக்டில் சேருங்கள். புரமோஷன்ஸ் என்ற பகுதியையும் பாருங்கள், அங்கேயும் சில ஒளிந்திருக்கும்.

ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கு என் முகவரி எப்படித் தெரிந்தது? யார்தான் இதை ஆரம்பித்தார்கள்?

எங்கேயோ ஒரு அப்பில், ஒரு சீட்டிழுப்பில், ஒரு கடையின் கார்டில் கொடுத்திருப்பீர்கள். அல்லது நீங்கள் பதிந்த ஒரு வெப்சைட் களவு போயிருக்கும். அந்தப் பட்டியல்கள் விற்பனைக்கு வரும்.

ஆரம்பித்தவரையும் சொல்லலாம். 1978 மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கொம்பியூட்டர் கம்பனியில் விற்பனையில் இருந்த கேரி துவெர்க், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அந்த மெயில் வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அவருக்கு விற்பனையும் நடந்தது, தொல்லை இன்று வரை ஓயாததற்கு அதுவே காரணம். லட்சம் பேருக்கு அனுப்பச் செலவு ஒன்றுமில்லை, அதில் ஒருவர் மாட்டினாலும் லாபம்.

அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா?

நீங்கள் உண்மையிலேயே பொருள் வாங்கிய கடை, பாவிக்கிற அப் என்றால் தாராளமாக. 2024இலிருந்து, பெருந்தொகையாக விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதி வைக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்ததில் அழுத்த வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக் கொடுப்பதாகிவிடும். ஸ்பாம் பட்டனை அழுத்திவிட்டு விடுங்கள்.

உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று வருகிறது. உண்மையா?

பொய். தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த இந்த மாதிரி மெசேஜ்களைப் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. கட்டணம் சின்னதுதான், அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்ட் இலக்கம்.

கொழும்பில் இருப்பவர், என் முகவரி சரியாகத்தானே இருக்கிறது என்று சந்தேகப்படுவார். நம்மவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை. டிவிஷன் பெயரும் தோட்டத்தின் பெயரும் போட்டுக் கடிதம் வாங்குகிற நமக்கு முகவரி சரியில்லை என்றால் உடனே நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் வாழ்க்கை முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறோம். கள்ளனுக்கு இது தெரியாது. அவன் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே மெசேஜைத்தான் அனுப்புகிறான். நமக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

லிங்க்கைச் சோதிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எச்டிடிபி என்ற தொடக்கத்தையும் அதையடுத்த இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிடுங்கள். பிறகு வரும் முதல் சாய்கோட்டில் விரலை வைத்து அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். தபால் திணைக்களத்தின் இடமானால் கடைசியில் புள்ளி, ஜி, ஓ, வி, புள்ளி, எல், கே என்று முடிந்திருக்கும். அதற்கு முன்னால் தபால், போஸ்ட், லங்கா என்று எத்தனை நல்ல பெயர் போட்டிருந்தாலும் முடிவு வேறாக இருந்தால் அது வேறு ஆளுடைய இடம். பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். பூட்டு இருந்தால் இடையில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவன் கள்ளனா என்று பூட்டு சொல்லாது.

என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. கெமராவில் என்னைப் படம் எடுத்துவிட்டானாம், பிட்கொயின் கேட்கிறான். என் பழைய பாஸ்வேர்டையும் எழுதியிருக்கிறான்.

இதைக் கேட்க வருகிற பையன்கள் கடையில் ஆள் குறையும் வரை வாசலிலேயே நிற்பார்கள். பயப்பட வேண்டாம். மெயில் அனுப்பும் முறை 1982இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் என்ற இடத்தில் யாருடைய பெயரைப் போட்டாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் விதமாகவே இருந்தது. பிறகு சோதனைகள் வந்தன, ஆனாலும் எல்லா இடத்திலும் ஒழுங்காக இல்லை. ஆகவே உங்கள் முகவரியைப் போட்டு அனுப்ப அவன் உங்கள் மெயிலுக்குள் வந்திருக்கத் தேவையில்லை. பாஸ்வேர்ட் எப்படித் தெரிந்தது? முன்னொரு காலத்தில் நீங்கள் பதிந்த ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து களவு போன பட்டியலில் இருந்தது. ஹேவ் ஐ பீன் போண்ட் என்ற தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எந்தக் களவில் உங்கள் பெயர் இருக்கிறது என்று காட்டும். 2013இலிருந்து நடக்கிற நல்ல தளம், காசு கேட்காது. அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கேயாவது பாவித்தால் இன்றைக்கே மாற்றுங்கள். காசு அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம்.

உண்மையிலேயே யாரிடமாவது படம் அனுப்பி, அந்த ஆளே மிரட்டுகிறான் என்றால் அது வேறு விஷயம். அப்போது எதையும் அழிக்காமல் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு பொலிசுக்குப் போக வேண்டும்.

கிரீன் கார்ட் விழுந்திருக்கிறது என்று மெயில் வந்தது.

விழவில்லை. அமெரிக்க அரசு தெரிவானவர்களுக்கு அப்படி மெயில் அனுப்புவதில்லை. விண்ணப்பித்தபோது கிடைத்த உறுதிப்படுத்தல் இலக்கத்தைக் கொண்டு அவர்களின் சொந்த வெப்சைட்டில் நீங்களேதான் பார்க்க வேண்டும். ஆகவே யாராவது நிரப்பிக் கொடுத்தால் அந்த இலக்கத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் எதற்கு என்று யோசியுங்கள். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1994 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான இன்டர்நெட் குழுக்களில் ஒரே நேரத்தில் விளம்பரம் போட்டு உலகத்தையே எரிச்சல்படுத்திய கென்டர், சீகல் என்ற இரண்டு வக்கீல்கள் விற்றதும் இதே கிரீன் கார்ட் லொத்தர் சேவைதான்.

டுபாயில், தாய்லாந்தில் வேலை என்று வருகிறதே?

ஏஜென்சியின் பெயரை எழுதிக்கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றித் தருகிறேன், டேட்டா என்ட்ரி வேலை, பெரிய சம்பளம் என்றால் அந்த மெயிலை மூடிவிடுங்கள். கொம்பியூட்டர் வேலை என்று நம்பி தாய்லாந்து வழியாகப் போன நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும் மெசேஜ்களை அடிக்க வைக்கப்பட்டார்கள். உங்களுக்கு வருகிற ஸ்பாமை எழுதுகிறவர்களில் சிலர் அப்படி அடைபட்டவர்களாகவும் இருக்கலாம்.

போனைத் திறந்தாலே வைரஸ் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று மேலே மேலே வருகிறது. போனைப் போர்மெட் பண்ணட்டுமா?

வேண்டாம், பெரும்பாலும் அது வைரஸே இல்லை. டெலிடிராமா பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஒரு சைட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்து என்று கேட்டிருக்கும். அழுத்தியிருப்பீர்கள். அது ரோபோ சோதனை இல்லை, உனக்கு எந்நேரமும் அறிவிப்பு அனுப்பலாமா என்று அந்த சைட் வாங்கிக்கொண்ட அனுமதி.

குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற சைட்களின் பட்டியல் இருக்கும். முன்பின் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அப்படியே எந்த சைட்டும் இனி கேட்கவே கூடாது என்று மேலே உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், எதுவும் குறைந்துவிடாது. கடையில் இதைச் செய்து கொடுத்ததும், போன் புதுசு மாதிரி ஆகிவிட்டது தம்பி என்று சொல்லிக் காசு நீட்டுவார்கள்.

உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எல்லா வெப்சைட்டிலும் வருகிறது.

கீழே மூலையில் திகதியைப் பாருங்கள். 2010 என்றோ 2015 என்றோ காட்டும். பழைய கொம்பியூட்டரின் மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி இருக்கிறது. அது செத்துவிட்டால் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் நேரம் பழையபடி பின்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு வெப்சைட்டும் தான் யார் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடங்கும் திகதி, முடியும் திகதி உண்டு. கொம்பியூட்டர் 2010இல் இருந்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைக்கும். அந்த பேட்டரி எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். மாற்றி, திகதியைச் சரி செய்தால் தீர்ந்தது. ஒரே ஒரு சைட்டில் மட்டும் அந்த எச்சரிக்கை வந்தால் உங்கள் கொம்பியூட்டரில் தவறில்லை, அந்த சைட்டில் கார்ட் இலக்கம் கொடுக்க வேண்டாம்.

விண்டோஸ் 7 என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 தொடக்கத்தோடு அதற்குப் புது குரோம் வருவது நின்றுவிட்டது. சில சைட்கள் திறக்காது.

படிவத்தில் சர்நேம் கேட்கிறது. எனக்கு அப்படி ஒன்று இல்லையே.

இதைப் படிவம் செய்தவர்களிடம் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் சர்நேம் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதையே ஒரு எழுத்து மாறாமல் போடுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பெயரை முழுதாகப் போடுங்கள், இனிஷியலும் புள்ளியும் போட்டால் பல படிவங்கள் ஏற்காது. ஒரு இடத்தில் எப்படி எழுதினீர்களோ எல்லா இடத்திலும் அப்படியே. படிவம் நீளமானால் பதில்களை முதலில் போனின் நோட்ஸில் எழுதி வைத்து ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பாதியில் கரண்ட் போகும், போனால் எல்லாம் போச்சு.

பாடசாலையிலிருந்து வந்த பைல் தமிழில் இல்லை, ஏதோ கிறுக்கியமாதிரி இங்கிலீஸ் எழுத்தாக இருக்கிறது. வைரஸா?

பாமினி. நம் நாட்டில் இன்னும் சாகாத எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகக் கண்டால் அதைத் தமிழ் என்று வாசித்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே அந்த ஐந்தும் சேர்ந்தால் அந்தச் சொல்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் வேடம் போடுவது எழுத்துரு. அது இல்லாத போனில் வேடம் கலைந்துவிடும். பாமினி மாற்றி என்று தேடினால் எல்லாப் போனிலும் தெரியும் யுனிகோட் எழுத்தாக மாற்றித் தரும் பக்கங்கள் கிடைக்கும். அனுப்புகிற சேர்மார் பீடிஎப் ஆக்கி அனுப்பினால் யாருக்கும் தொல்லையில்லை. யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல், இவ்வளவு காலமாகியும் சுற்றுநிருபங்கள் பாமினியில்தான் வருகின்றன.

டேட்டா கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பாதி விளம்பரத்துக்கும் தானாக ஓடும் வீடியோவுக்கும் போகிறது. போனில் பயர்பொக்ஸ் போட்டு அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள், வித்தியாசம் தெரியும். குரோமில் இருந்த லைட் மோட் 2022 மார்ச்சோடு இல்லாமல் போய்விட்டது. ஒபேரா மினி பக்கங்களைத் தன் சேர்வரில் சுருக்கி அனுப்பும், செய்தி வாசிக்க நல்லது. வங்கி வேலையை அதில் பார்க்க வேண்டாம்.

உங்கள் கடைக் கொம்பியூட்டரில் மெயில் திறந்தால் ஆபத்தா?

என் கடை என்பதற்காக இல்லையென்று சொல்ல மாட்டேன். பார்த்ததைப் பிரவுசரில் சேமித்து வைக்காத இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஆனால் நீங்கள் இறக்கிய பைல் அதோடு போகாது, டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். எந்தக் கடையிலும் அந்த போல்டரைத் திறந்து பாருங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் போட்டோ, வங்கிப் புத்தகம் எல்லாம் ஊரார் உடையது. பிரின்ட் எடுத்ததும் உங்களுடையதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் டிலீட் போர் எவ்ரிவன் கொடுத்து, கடையின் போனிலும் போய்விட்டதா என்று கேளுங்கள். கோபிக்கிற கடைக்காரரிடம் மறுபடி போக வேண்டாம்.

ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, மெயில் வராது என்கிறது.

ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி. மெயிலை அழிப்பதால் பெரிதாக மிச்சமாகாது. கல்யாண வீடியோவை அழியுங்கள்.

ஏமாந்து கார்ட் இலக்கத்தைக் கொடுத்தாகிவிட்டது. இப்போது?

முதலில் வங்கி. கார்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து கார்டை நிறுத்துங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள். பிறகு மெயில் பாஸ்வேர்ட். அப்புறம் கொம்பியூட்டர் பாதுகாப்பு முறைப்பாடுகளைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம். காசு போயிருந்தால் பொலிசில் முறைப்பாடு, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு போங்கள். தொலைந்த காசை மீட்டுத் தருகிறோம் என்று பிறகு ஒரு மெயில் வரும். அதுவும் அதே கூட்டம்தான்.

மெயில் முகவரியில் புள்ளி போட மறந்துவிட்டேன், விண்ணப்பத்தை மறுபடி அனுப்ப வேண்டுமா?

ஜிமெயில் என்றால் வேண்டாம். பெயருக்கு நடுவில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். மற்ற சேவைகளில் அப்படியில்லை, உடனே திருத்தி அனுப்புங்கள்.